மூக்கைக் கீழே இறக்கு: ஓட்டோ லிலியந்தாலின் கதை

போன செமஸ்டர் நடந்த ஒரு சம்பவத்தோட ஆரம்பிக்கிறேன். எங்க ஏரோமாடலிங் டீம் ரெண்டு மாசமா ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து ஒட்டி, வெட்டி, சாலிடர் பண்ணிச் செய்த ஆர்.சி. விமானம். காலி கிரவுண்டுல அதோட முதல் பறப்பு. ரிமோட் என் கையில. ஒரு தென்னை மர உயரம் ஏறியிருக்கும், புரொப்பெல்லர் கழன்று எங்கேயோ போய் விழுந்துடுச்சு. விமானம் இறங்க ஆரம்பிச்சது. நான் பதறிப்போய் ஸ்டிக்கைப் பின்னால இழுத்தேன், மூக்கு மேலே போகட்டும்னு. மூக்கு மேலே போச்சு. ஒரு நொடி அப்படியே அந்தரத்துல நின்னுச்சு. அப்புறம் கல்லு மாதிரி விழுந்துச்சு.

உடைந்த இறக்கையைப் பார்த்துவிட்டு எங்க லேப் சார் திட்டவே இல்லை. கீழே இறங்குற விமானத்தை ஏன்டா மேலே தூக்கினேன்னு மட்டும் கேட்டார். பதில் தெரியலை. 1896-ல ஒருத்தர் விழுந்த கதையைப் படின்னு சொல்லிட்டுப் போனார். படிச்சேன். அந்த ஒருத்தரோட பேர் ஓட்டோ லிலியந்தால்.

ரைட் சகோதரர்களை எல்லோருக்கும் தெரியும். லிலியந்தாலை ஏரோ டிபார்ட்மென்ட் பசங்களுக்குக்கூடப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு வரியாகத்தான் தெரியும். ஆனால் ஏரோடைனமிக்ஸ் லேபில் நாம் வரைகிற டிராக் போலார் கிராஃப் இருக்கிறதே, அந்த மாதிரி கிராஃபை முதலில் வரைந்தவர் இவர்தான். அந்த கிராஃபில் எந்த இடத்துக்குப் போகக்கூடாதோ, அந்த இடத்தில்தான் இவர் உயிரும் போனது.

நாரை பார்த்த பையன்

லிலியந்தால் பிறந்தது 1848 மே 23-ம் தேதி, அன்றைய பிரஷ்யாவின் பொமரேனியா பகுதியில் இருக்கும் அங்க்லாம் என்ற சின்ன ஊரில். அப்பா துணி வியாபாரி. வீட்டில் எட்டுக் குழந்தைகள் பிறந்து, பிழைத்தது மூன்றே பேர்: ஓட்டோ, ஒரு வயது இளைய தம்பி குஸ்டாவ், தங்கை மரி. ஓட்டோவுக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது அப்பா இறந்துபோனார். அதன் பிறகு குடும்பத்தை இழுத்துப் பிடித்தது அம்மாதான்.

ஊரைச் சுற்றி ஈரமான புல்வெளிகள். கோடையில் செங்கால் நாரைகள் வந்து இறங்கும். அண்ணனும் தம்பியும் மணிக்கணக்கில் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாரை எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் ஏன் கிளம்புகிறது? ஏறிய பிறகு இறக்கையை அடிக்காமலேயே எப்படி மிதக்கிறது? பள்ளிக்கூட வயதிலேயே பலகையில் இறக்கை செய்து கையில் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தார்கள். கூடப் படிக்கிற பசங்க கிண்டல் பண்ணுவாங்கன்னு, ராத்திரியில்தான் அந்தச் சோதனை எல்லாம். அந்த இறக்கை அவர்களைத் தூக்கவில்லை. ஆனால் கேள்வி போகவில்லை.

பிறகு போட்ஸ்டாமில் தொழிற்பள்ளி, பெர்லினில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பயிற்சி, அப்புறம் பெர்லின் தொழிற்கல்விக் கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிப்பு. படித்து முடித்த கையோடு 1870-ல் பிரான்சுடன் போர் மூண்டது. போருக்குப் போய்விட்டு 1871-ல் திரும்பி வந்தார். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

முதலில் அளவு, அப்புறம் ஆசை

அந்தக் காலத்தில் பறக்க ஆசைப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலானவர்கள் ஒரு இயந்திரத்தைக் கட்டுவார்கள், நீராவி இன்ஜினை வைப்பார்கள், ஓடவிடுவார்கள், உடையும். லிலியந்தால் வேறு வழியில் போனார். இறக்கை எவ்வளவு தூக்கும், எவ்வளவு இழுக்கும் என்று அளக்காமல் எதையும் கட்டப்போவதில்லை என்று முடிவெடுத்தார்.

விண்ட் டனல் எல்லாம் அவரிடம் கிடையாது. நடுவில் ஒரு தூண், அதிலிருந்து நீளும் கை, கையின் நுனியில் ஒரு சின்ன இறக்கை. எடைக்கல் கீழே இறங்க இறங்கக் கை சுற்றும். நம்ம ஊர் ராட்டினம் மாதிரி. 1870-களில் இந்தச் சுழலும் கையில்தான் அண்ணனும் தம்பியும் தட்டைப் பலகையையும் வளைந்த பலகையையும் மாற்றி மாற்றி வைத்து அளந்தார்கள். லேசாக வளைந்த இறக்கை, தட்டையான இறக்கையைவிடப் பல மடங்கு நன்றாக வேலை செய்தது.

அளந்ததை உடனே வெளியிடவில்லை. 1889-ல்தான் பறவைகள் பறப்பதை அடிப்படையாக வைத்துப் பறக்கும் கலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில்தான் அந்தப் படம் வருகிறது. இறக்கையைப் பூஜ்யம் டிகிரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, ஒவ்வொரு கோணத்திலும் காற்று எந்தத் திசையில் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று ஒரே புள்ளியிலிருந்து குறித்துக்கொண்டே போனார். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வளைகோடு. இதற்கு போலார் என்ற பெயரைப் பிறகு வைத்தவர், டவர் கட்டிய அதே ஐஃபெல்.

லேபில் மார்க்குக்காக வரையும்போது இந்தக் கோடு என்ன சொல்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. ஆரிஜினிலிருந்து அந்த வளைகோட்டைத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். தொடும் புள்ளியில்தான் லிஃப்டுக்கும் டிராகுக்கும் உள்ள விகிதம் மிக அதிகம். அந்த விகிதம்தான் கிளைட் ரேஷியோ. இன்ஜின் இல்லாமல் ஒரு மீட்டர் இறங்கும்போது எத்தனை மீட்டர் முன்னால் போகலாம் என்பதை அது சொல்கிறது. அதற்கு மேலே கோணத்தைக் கூட்டினால் லிஃப்ட் இன்னும் கொஞ்சம் ஏறும், ஆனால் டிராக் அதைவிட வேகமாக ஏறும். இன்னும் கூட்டினால் கோடு மடங்கி விழும். அதுதான் ஸ்டால். காற்று இறக்கையின் மேல்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும்.

ஃபேக்டரி முதலாளியின் ஞாயிற்றுக்கிழமை

இவர் சோற்றுக்கு என்ன செய்தார் என்று கேட்டால், அதுவும் நல்ல கதைதான். பாம்பு மாதிரிச் சுருண்ட குழாய்களால் ஆன, வெடிக்கும் ஆபத்து குறைந்த ஒரு கொதிகலனுக்குக் காப்புரிமை வாங்கினார். 1880-களில் பெர்லினில் சொந்தத் தொழிற்சாலை ஆரம்பித்து, சிறு பட்டறைகளுக்கு ஏற்ற நீராவி இன்ஜின்களைச் செய்து விற்றார். 1890-ல் தொழிலாளர்களுக்கு லாபத்தில் 25 சதவீதப் பங்கு கொடுத்தார். சாதாரண ஜனங்களும் நாடகம் பார்க்க வேண்டும் என்று ஒரு தியேட்டரில் பணம் போட்டு, டிக்கெட் விலையைக் குறைத்தார். தானே ஒரு நாடகமும் எழுதினார்.

கவனியுங்க, இவர் இன்ஜின் செய்து விற்றுப் பிழைத்த ஆள். பறக்கும் இயந்திரத்தில் இன்ஜினை வைப்பது மற்ற எல்லோரையும்விட இவருக்குத்தான் சுலபம். ஆனாலும் முதலில் இன்ஜின் இல்லாமல் பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். காற்றில் இறக்கையைச் சமாளிக்கத் தெரியாதவனுக்கு இன்ஜின் கொடுத்தால் அவன் வேகமாக விழுவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

1891-ல் போட்ஸ்டாமுக்குப் பக்கத்தில் டெர்விட்ஸ் என்ற கிராமத்தில் ஒரு மேட்டிலிருந்து ஓடிக் குதித்தார். சுமார் 25 மீட்டர் பறந்தார். அப்போது அவருக்கு வயது 43. நாலு பிள்ளைகளின் அப்பா, ஒரு ஃபேக்டரியின் முதலாளி. வாரம் முழுக்க வேலை, லீவு நாளில் இறக்கையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது. 1893-ல் ரினோ குன்றுகளில் 250 மீட்டர் வரை பறந்தார். 1894-ல் பெர்லின் லிச்டர்ஃபெல்டவில் செங்கல் சூளைக்குப் பக்கத்தில் கொட்டிக் கிடந்த மண்ணைக் குவித்து, 15 மீட்டர் உயரத்துக்குத் தனக்கென்று ஒரு குன்றையே கட்டிக்கொண்டார். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதை எதிர்த்து ஓடலாம். நாரையிடம் கற்ற பாடம்.

அவர் அதிகம் பறந்த கிளைடருக்கு எடை 20 கிலோ. இறக்கையின் மொத்த அகலம் 6.7 மீட்டர், பரப்பு சுமார் 13 சதுர மீட்டர். வில்லோ மரக் குச்சிகளால் ஆன சட்டம், அதன் மேல் பருத்தித் துணி. வௌவால் இறக்கை மாதிரி மடக்கி எடுத்துக்கொண்டு போகலாம். இதை அவர் விற்கவும் செய்தார். வாங்கியவர்களில் ரஷ்யாவின் ஏரோடைனமிக்ஸ் பேராசிரியர் ஷுகோவ்ஸ்கியும் ஒருவர். ஹோம்பில்ட் விமானங்களின் வரலாறு எழுதினால் இவரைத்தான் முதல் அத்தியாயத்தில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த கிளைடர் எவ்வளவு நன்றாகப் பறந்தது? ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் 2016-ல் அதன் நகலைச் செய்து பெரிய விண்ட் டனலில் வைத்துப் பார்த்தது. கிளைட் ரேஷியோ சுமார் 3.6. அதாவது 10 மீட்டர் இறங்கினால் 36 மீட்டர் முன்னால் போகலாம். இன்றைக்கு இது ரொம்பக் குறைவு. ஆனால் கிளைடர் சாதாரணமாக நிலையாகப் பறக்கக்கூடியதுதான் என்றும் தெரியவந்தது. அவர் குருட்டாம்போக்கில் குதித்தவர் இல்லை.

இடுப்புக்குக் கீழே மட்டும்

ஆனால் ஒரு பலவீனம் இருந்தது. அதுவும் அவருக்குத் தெரிந்த பலவீனம்தான்.

இன்றைக்கு நாம் எலிவேட்டர் வைக்கிறோம், ஐலரான் வைக்கிறோம். அவருக்குக் கட்டுப்பாடு என்றால் தன் உடம்பு மட்டும்தான். கைகளைச் சட்டத்தில் ஊன்றித் தொங்குவார். மூக்கு மேலே போனால் காலை முன்னால் வீசுவார், எடை முன்னால் போய் மூக்கு இறங்கும். இடதுபக்கம் சாய்ந்தால் காலை வலதுபக்கம் வீசுவார். தோள் சட்டத்தோடு மாட்டிக்கொண்டிருப்பதால் இடுப்புக்குக் கீழேதான் அசைக்க முடியும். அமைதியான காற்றில் அது போதும். திடீர் காற்றில் போதாது.

1894-ல் ஒரு தடவை மூக்கு மேலே போய் ஸ்டால் ஆகி, நல்ல உயரத்திலிருந்து விழுந்தார். கிளைடரின் முன்னால் அவரே கட்டிவைத்திருந்த வில்லோ வளையம் நொறுங்கி அவர் உயிரைக் காப்பாற்றியது. நம்ம கார் பம்பர் செய்கிற வேலை. எழுந்தார், துணியைத் தட்டினார், மறுபடி பறந்தார். மொத்தம் 2000 தடவைக்கு மேல் பறந்திருக்கிறார். எல்லாவற்றையும் கூட்டினால் காற்றில் இருந்த நேரம் ஐந்து மணி நேரம் வரைதான் வரும். நம்ம ஒரு நாள் கிளாஸ் நேரம்கூட இல்லை. அதை வைத்துத்தான் அவர் உலகத்துக்கே பறக்கக் கற்றுக்கொடுத்தார்.

நடுவில் இன்ஜினையும் மறக்கவில்லை. கார்பானிக் அமில வாயுவில் ஓடும் ஒரு சின்ன மோட்டாரை வைத்து, இறக்கை நுனிகளை மட்டும் அடிக்கவைக்கும் ஒரு கருவியைச் செய்தார். அதையும் முதலில் கிளைடராகத்தான் பறக்கவிட்டுப் பார்த்தார். இன்ஜின் ஓடாவிட்டாலும் ஒழுங்காக இறங்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

1896 ஆகஸ்ட் 9

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ரினோவுக்குப் பக்கத்தில் ஸ்டோல்ன் கிராமம், கோலன்பெர்க் குன்று. கூட இருந்தவர் உதவியாளர் பால் பைலிஷ். நல்ல வெயில். முதல் பறப்புகள் நன்றாகவே போயின.

பிறகு ஒரு பறப்பில் கிளைடர் திடீரென்று காற்றில் நின்றது. வெயிலில் சூடாகி மேலே கிளம்பிய காற்று அதன் மூக்கைத் தூக்கிவிட்டது. லிலியந்தால் காலை முன்னால் வீசினார். 2000 தடவை செய்த அசைவு. இந்தத் தடவை மூக்கு இறங்கவில்லை. வேகம் போய்விட்டது, காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிட்டது. கோடு மடங்கும் இடத்தைத் தாண்டிவிட்டார். சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் மோதினார். கழுத்தெலும்பு முறிந்தது. பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஆகஸ்ட் 10-ம் தேதி மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 48.

இன்ஜின் நின்ற பிறகு

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கிட் வாங்கியோ, வரைபடம் வாங்கியோ வீட்டு கராஜிலேயே ஒற்றை இன்ஜின் விமானம் கட்டிப் பறக்கிறார்கள். அந்த ஒரு இன்ஜின் நின்றால் அந்த நிமிடம் முதல் அவர்கள் எல்லோரும் லிலியந்தால்தான். கையில் இருப்பது உயரம் மட்டும். பெட்ரோல் டேங்க் மாதிரி அதைச் செலவழித்துத்தான் முன்னால் போக வேண்டும். மேம்பாலத்தின் உச்சியில் பெடல் போடுவதை நிறுத்திவிட்டால், சைக்கிள் இறக்கத்தில் தானாகப் போகும் இல்லையா, அதே கணக்கு. சரிவு இருந்தால்தான் வேகம். மூக்கைக் கீழே இறக்கினால்தான் அந்தச் சரிவு கிடைக்கும்.

செஸ்னா 172 மாதிரி ஒரு சிறிய விமானத்தின் கிளைட் ரேஷியோ சுமார் 9. 150 மீட்டர் உயரத்தில் இன்ஜின் நின்றால், காற்று இல்லாத நாளில் சுமார் 1350 மீட்டர் போகலாம். லிலியந்தாலின் கிளைடரில் அதே உயரத்துக்கு 540 மீட்டர். கம்பியும் குழாயும் வெளியே தெரிகிற ஹோம்பில்ட் விமானத்தில் டிராக் அதிகம், அதனால் தூரம் குறையும். நின்றுபோன இன்ஜினின் புரொப்பெல்லர் காற்றில் சும்மா சுற்றினால் அதுவும் ஒரு பிரேக். எதிர்காற்று அடித்தால் இன்னும் குறையும்.

இந்தத் தூரம் கிடைப்பது ஒரே ஒரு வேகத்தில்தான், அந்தத் தொடுகோட்டுப் புள்ளிக்கு உரிய வேகத்தில். ரன்வே எட்டாது போலிருக்கே என்று மூக்கைக் கொஞ்சம் தூக்கினால், இன்னும் தூரம் போகிற மாதிரி கண்ணுக்குத் தெரியும். உண்மையில் தூரம் குறையும். இன்னும் தூக்கினால் ஸ்டால். டேக்-ஆஃப் ஆகி ஏறும்போது இன்ஜின் நின்றால் ஆபத்து இன்னும் அதிகம். மூக்கு ஏற்கெனவே மேலே இருக்கும், வேகம் சில நொடிகளில் கரையும். அதனால்தான் பைலட்டுகளுக்கு முதலில் சொல்லித்தருவது, யோசிக்கும் முன்னால் மூக்கை இறக்கு என்று.

அப்போது திரும்பி ரன்வேக்கே போகலாம் என்று மனசு சொல்லும். திருப்பத்தில் விமானத்தைச் சாய்த்தால் ஸ்டால் ஆகும் வேகமே கூடிவிடும். 45 டிகிரி சாய்வில் 19 சதவீதம், 60 டிகிரியில் 41 சதவீதம். நேராகப் பறக்கும்போது பத்திரமான வேகம், திருப்பத்தில் கொல்லும் வேகம் ஆகலாம். உயரம் போதாவிட்டால் நேராக முன்னால் தெரியும் வயலில் இறங்குவதுதான் நல்லது. விமானம் உடைந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

விழுந்த இடத்திலிருந்து

லிலியந்தால் இறந்த செய்தியை அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி படித்தார்கள். வில்பர் ரைட், ஓர்வில் ரைட். அவர்களுக்குப் பறப்பதில் ஆர்வம் பற்றிக்கொண்டது அப்போதுதான். லிலியந்தாலின் அளவுகளை வைத்துத்தான் முதல் கிளைடர்களைக் கட்டினார்கள். எதிர்பார்த்த லிஃப்ட் வராததால் 1901-ல் சொந்தமாக ஒரு விண்ட் டனல் செய்து அளந்தார்கள். உடம்பை வீசுவது போதாது என்பதை அவருடைய மரணத்திலிருந்து புரிந்துகொண்டு, மூக்கை ஏற்றி இறக்க முன்னால் ஒரு எலிவேட்டரை வைத்தார்கள். ஸ்டால் ஆனபோதுகூட அந்த அமைப்பு அவர்களைத் தலைகுப்புறத் தள்ளாமல் தட்டையாக இறக்கிவிட்டது. 1902-ல் கிளைடரில் நூற்றுக்கணக்கான தடவை பறந்து பழகிய பிறகுதான் 1903-ல் இன்ஜினை வைத்தார்கள். முதலில் கிளைடர், அப்புறம் இன்ஜின். அதே வரிசை.

அவர் விழுந்த ஸ்டோல்ன் கிராமத்தில் 1989-ல் ஒரு இல்யூஷின்-62 ஜெட் விமானத்தைப் புல்வெளியிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். இன்றும் அது அங்கேதான் நிற்கிறது. அதற்கு லேடி ஆக்னஸ் என்று பெயர். ஆக்னஸ், லிலியந்தாலின் மனைவி. பறப்பு சரித்திரத்தில் அவர் பெயர் எங்கேயும் வராது. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கணவர் இறக்கையோடு கிளம்பும்போது நாலு பிள்ளைகளோடு வீட்டில் இருந்தவர் அவர்தான்.

இந்த செமஸ்டர் எங்க விமானத்தை மறுபடி கட்டிட்டோம். முதல் தடவை மோட்டாரே மாட்டாம, கிரவுண்டு ஓரத்துல இருக்குற மேட்டுல இருந்து கையாலதான் வீசினோம். 20 தடவை. எந்தக் கோணத்துல எவ்வளவு தூரம் போகுதுன்னு டேப் வெச்சு அளந்து நோட்ல எழுதினோம். 21-வது தடவைதான் மோட்டார். ஏறிக்கிட்டு இருக்கும்போது வேணும்னே திராட்டிலை நிறுத்தினேன். கை பழக்கத்துல பின்னால இழுக்கத்தான் போச்சு. நிறுத்திட்டு முன்னால தள்ளினேன்.

மூக்கு இறங்கிச்சு. விமானம் மெதுவா, நேரா, புல்லுமேல வந்து உட்கார்ந்துச்சு.